துப்பாக்கிக்குப் புதுக் குறி மாட்டிய டெக்சாஸ் தம்பிக்கும், அவனைக் கிண்டல் செய்த ஏரியூர்த் தம்பிகளுக்கும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு ராத்திரி படியுங்கள்.

1991-இல் எட்டாம் வகுப்பு படித்த செட்டின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. காரணம் ஒரு போட்டோ. டெக்சாஸில் குடியுரிமை வாங்கி இருபது வருஷமாக இருக்கிற நம் தம்பி ஒரு மார்லின் 336 துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படம் போட்டிருந்தான். பக்கத்தில் ஒரு காபி சாசர். அதில் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பழைய குறிகள். "பழைய சைட்டைக் கழற்றிட்டு புதுசு மாட்டறேன் சார்" என்று எழுதியிருந்தான். அங்கே அவன் நிலத்திலும் காட்டுப்பன்றித் தொல்லையாம். கடல் தாண்டிப் போனவனையும் பன்றி விடவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கையில் பார்த்திருப்பீர்களே, வின்செஸ்டர், அந்த ஜாதி. கணக்கு வகுப்பில் பெஞ்சுக்கடியில் வைத்து நீங்கள் படித்ததும் நான் பிடுங்கியதும் நினைவிருக்கும். பிடுங்கியதை எல்லாம் நான் படித்துவிட்டுத்தான் வருஷக் கடைசியில் திருப்பிக் கொடுத்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

படத்துக்குக் கீழே வந்த முதல் பதில் இங்கே ஏரியூரில் இருக்கிறவனிடமிருந்து. "எங்க தாத்தா குறியே இல்லாத துப்பாக்கில இருட்டுல பன்னிய அடிச்சவரு. அமெரிக்கா போயி உனக்கு ஓட்டை போட்ட தகடு வேணுமா?" அதற்கு இருபது சிரிப்புப் பொம்மைகள். இன்னொருவன், "ஒரிஜினலைக் கழட்டினா மதிப்புப் போச்சு" என்றான். மூன்றாவது ஆள், "கென்னத் ஆண்டர்சன் நம்ம காட்டுல இதே மாதிரி லீவர் துப்பாக்கிலதான் புலி அடிச்சாரு, அவரு என்ன சைட்டு மாத்திக்கிட்டா திரிஞ்சாரு?" என்று கேட்டுவிட்டு, "சார் சொல்லட்டும்" என்று என்னையும் இழுத்துவிட்டான்.

சரி, சொல்கிறேன். என் கருத்து, டெக்சாஸ் தம்பி செய்தது சரி. ஆனால் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறான். மீதிப் பாதியைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். 51 வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் ஆண்டர்சன். அவர் 1910-இல் பிறந்து 1974-இல் இறந்தவர், பெங்களூர்க்காரர். பென்னாகரம், ஒகேனக்கல், முண்டச்சிபள்ளம், சின்னாறு என்று நம் பக்கத்துக் காடெல்லாம் நடந்து எழுதியவர். அப்போது நாம் சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965-இல்தான். அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், .405 தோட்டா போடுவது. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது கொண்டுபோனதும் இதே வகைதான். ஆண்டர்சன் சைட்டை மாற்றினாரா என்று கேட்கிற தம்பி ஒன்றை மறந்துவிட்டான். அவர் ராத்திரி மரத்தின் மேல் உட்காரும்போது துப்பாக்கியில் டார்ச்சைக் கவ்வி வைத்து மாட்டிக்கொள்வார். அந்த வெளிச்சத்தில் மிருகமும் தெரிய வேண்டும், குழலின் மேல் இருக்கிற குறியும் தெரிய வேண்டும். குறி தெரியாமல் இருட்டில் சுடுவதை வீரம் என்று அவர் நினைக்கவில்லை. புலிக்குக் குறி தப்பினால் அடுத்த நாள் காயம்பட்ட புலியைத் தேடிப் புதருக்குள் போக வேண்டியவர் அவர்தானே.

இப்போது கண் விஷயம். டெக்சாஸ் தம்பிக்கு 47 வயது. வெள்ளெழுத்து வந்துவிட்டது. போன வருஷம் ஊருக்கு வந்தபோது கல்யாணப் பத்திரிகையைக் கையை நீட்டி வைத்துப் படித்ததை நான் பார்த்தேன். பழைய வகைக் குறியில் கண்ணுக்கு மூன்று வேலை. கிட்டத்தில் பின்குறியின் பள்ளம், குழல் நுனியில் முன்குறியின் மணி, தூரத்தில் இலக்கு. மூன்றும் மூன்று தூரம். எந்தக் கண்ணாலும் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. இருபது வயசுக் கண் சட்டென்று மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும். வெள்ளெழுத்துக் கண்ணுக்குப் பின்பள்ளம் வெறும் நிழல்தான்.

அவன் மாட்டியது பீப் சைட். நடுவில் துளை போட்ட சின்ன வளையம். குழலின் மேல் இருந்த பின்குறியை எடுத்துவிட்டு, இதைக் கண்ணுக்குப் பக்கத்தில் துப்பாக்கி உடலின் மேல் திருகுகிறார்கள். துளையைப் பார்க்கக் கூடாது, துளை வழியாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது மணியைத் துளையின் நடுவுக்குக் கொண்டுவருவதைக் கண் தானாகவே செய்துவிடும். மூன்று வேலை இரண்டாகிவிட்டது. சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். நம்பாதவர்கள் இப்போதே செய்து பாருங்கள். ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துளை வழியாகச் செய்தித்தாளைப் படியுங்கள். வெளிச்சம் குறையும், எழுத்து தெளியும். ஆறாம் வகுப்பில் ஊசித்துளைக் காமிரா செய்தோமே, அதே சங்கதி. வெளிச்சம் குறைகிறது என்பதால் சாயங்கால நேரத்துக்குப் பெரிய துளை உள்ள வளையம் போடுவார்கள்.

ஆகவே ஓட்டைத் தகடு என்று சிரிக்காதீர்கள். கண்ணாடி மாட்டிக்கொள்கிற மாதிரிதான் இது.

மதிப்புப் போய்விடும் என்ற தம்பிக்கு ஒரு வரி. நூறு வருஷப் பழைய துப்பாக்கியில் புதிதாகத் துளை போட்டால் நீ சொல்வது சரி. இவனுடையதில் மேல்புறத்துத் திருகுத் துளைகள் ஆலையிலேயே போட்டு வந்தவை. பழைய குறிகளைக் கவரில் போட்டுப் பேர் எழுதி வைத்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். சாசரில் விடாதே தம்பி, உன் வீட்டுக்காரம்மா கழுவி ஊற்றிவிடுவார்.

வேலையை அவன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். லீவர் துப்பாக்கியில் தோட்டா குழலுக்குக் கீழே இருக்கிற இன்னொரு குழாயில் வரிசையாக இருக்கும். லீவரைத் திறந்து ஒன்று விழுந்ததும் காலி என்று நினைப்பவன் ஏமாறுவான். இவன் குழாய், அறை இரண்டையும் விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தொட்டிருக்கிறான். முன்குறி, மேலே குறுகி அடியில் அகன்ற ஒரு குறுக்குப் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதைத் தட்டி எடுக்க இரும்பு உளியை எடுக்காமல் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டியிருக்கிறான். பித்தளை என்றால் குழலில் கீறல் விழாது. சுடுபவர் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாகத் தட்டி எடுப்பதும் வலமிருந்து இடமாகத் தட்டி ஏற்றுவதும் பொதுவான வழக்கம். திருகுக்கு ஒரு சொட்டுப் பசை. எல்லாம் சரி.

பிறகு என்ன செய்தான்? 50 கஜத்தில் மூன்று தோட்டா சுட்டான். மூன்றும் அடுத்தடுத்து ஒரே இடத்தில், ஆனால் குறி வைத்த புள்ளிக்கு 5 அங்குலம் மேலே. பின்வளையத்தை முழுக்கக் கீழே இறக்கிவிட்டானாம், அதற்கு மேல் இறங்காதாம். "பரவாயில்லை சார், அஞ்சு இஞ்சு கீழ பாத்துச் சுட்டுக்கறேன்" என்று எழுதியிருக்கிறான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

தம்பி, ஏழாம் வகுப்பில் நேர் விகிதம் நான்தான் எடுத்தேன். பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறாயோ அந்தப் பக்கம் குண்டு நகரும். முன்குறி அதற்கு நேர் எதிர். முன்மணியை உயர்த்தினால் குண்டு தாழும். தேய்த்துக் குறைத்தால் குண்டு ஏறும். எவ்வளவு என்பதுதான் கணக்கு. கண்ணிடமிருந்து முன்மணி வரை ஒரு சின்ன முக்கோணம், தாள் வரை ஒரு பெரிய முக்கோணம், இரண்டும் வடிவொத்தவை. உன் இரண்டு குறிகளுக்கும் இடையே 26 அங்குலம் என்று எழுதியிருந்தாய். 50 கஜம் என்றால் 1800 அங்குலம். தவறு 5 அங்குலம். ஐந்தை 26-ஆல் பெருக்கி 1800-ஆல் வகுத்தால் 0.072 அங்குலம். இப்போது இருக்கிற முன்மணியைவிட அவ்வளவு உயரமானதை வாங்கி மாட்ட வேண்டும். பின்வளையத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்க இடம் இருக்கும்படி அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாங்கு. கடையில் பல உயரத்தில் கிடைக்கும். "கீழ பாத்துச் சுட்டுக்கறேன்" என்பது பதட்டத்தில் மறந்துபோகிற விஷயம். பன்றி ஓடும்போது யாருக்கும் கழித்தல் கணக்கு வராது.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1974. எனக்கு 12 வயது. என் சித்தப்பாவிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, வாய்வழியே மருந்து கெட்டிக்கிறது. பயிர்க் காவலுக்குக் கொடுத்தது. காட்டோரத்தில் நிலக்கடலை போட்டிருந்தோம். ஒரு நாள் பரண் மேலிருந்து துப்பாக்கி கீழே விழுந்து நுனியில் இருந்த மணி உடைந்துபோனது. கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப்போனார், நானும் கூடப் போனேன். துருத்தி இழுத்தது நான்தான். பட்டறைத் தாத்தா பித்தளையில் ஒரு மணி செய்தார். பழையது துவரம்பருப்பில் பாதிகூட இருக்காது. நான் சொன்னேன், "பெருசா வையுங்க தாத்தா, ராத்திரில தெரியணும்ல?" சித்தப்பா சிரித்தார். "பள்ளிக்கூடத்துப் புள்ள சொல்லுது, வையுங்க" என்றார். தாத்தாவும் உயரமாகவே பற்றவைத்தார். பளபளவென்று அழகாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

யாரும் சுட்டுப் பார்க்கவில்லை. மருந்தும் ஈயமும் காசு. வெறும் பலகையைச் சுட்டு ஒரு குண்டை வீணாக்குவது பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரும் நினைத்த காலம்.

நாலாம் நாள் ராத்திரி நல்ல நிலவு. பன்றி கல்வரப்பு ஓரமாக வந்தது. சித்தப்பா சுட்டார். குண்டு பன்றியைத் தொடவில்லை, அதன் வயிற்றுக்குக் கீழே போய்க் கல்லில் பட்டுத் தெறித்தது. அடுத்த நிலத்துப் பரணிலிருந்து சத்தம் கேட்டு இறங்கி வந்துகொண்டிருந்த என் மாமாவின் ஆடுசதையில் பாய்ந்தது. அத்தை வீட்டு மாமா. கயிற்றுக் கட்டிலில் போட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் பென்னாகரம் கொண்டுபோனார்கள். கால் பிழைத்தது, நடை பிழைக்கவில்லை. கடைசி வரை சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். சித்தப்பா ஒரு ஜோடி எருதை விற்று வைத்தியத்துக்குக் கொடுத்தார். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தவர், பிறகு அதைத் தொடவே இல்லை.

"கை நடுங்கிடுச்சு" என்பார். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும். திருவிழாவில் மாமா எதிரே நொண்டி வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்கையி நடுங்கிடுச்சுடா" என்பார்.

அவர் கை நடுங்கவில்லை. எனக்கு அது 15 வயதில் தெரிந்தது. உயர்நிலைப் பள்ளியில் என்.சி.சி.யில் .22 துப்பாக்கி சுடக் கூட்டிப்போனார்கள், 25 மீட்டர், குப்புறப் படுத்து. ஹவில்தார் கரும்பலகையில் கோடு போட்டு, முன்குறி உயர்ந்தால் குண்டு தாழும் என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ராத்திரி நோட்டில் போட்டுப் பார்த்தேன். மணி சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். கண் பார்க்கிற பின்முனையிலிருந்து மணி வரை சுமார் 900 மில்லிமீட்டர். பன்றி நின்றது 40 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். மூன்றை 900-ஆல் வகுத்து 40,000-ஆல் பெருக்கினால் 133 மில்லிமீட்டர். பதின்மூன்று சென்டிமீட்டர் கீழே. பன்றியின் நடு உடம்பைப் பார்த்துச் சுட்டால் வயிற்றுக்கடியில் போகிற அளவு.

நோட்டை மூடிவைத்தேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு கூச்சம், பிறகு வேலை, கல்யாணம், குழந்தைகள். அவர் காலமாகும்வரை அவர் கையையே குற்றம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். "சித்தப்பா, அது மணியோட உயரம், பெருசா வையின்னு சொன்னது நான்" என்று ஒரு வாக்கியம். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு நேர் விகிதம் நடத்தினவன், அதை மட்டும் சொல்லவில்லை.

கணக்கு மட்டுமே காரணம் என்று நான் தப்பிக்கவும் பார்க்கவில்லை. இன்னொரு பரண் இருக்கிற திசையில் சுட்டிருக்கவே கூடாது. எவ்வளவு நல்ல குறி மாட்டினாலும், இலக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று அது சொல்லாது. ஆனால் அந்த மணி சரியான உயரத்தில் இருந்திருந்தால் குண்டு பன்றியோடு நின்றிருக்கும், கல்லைத் தேடிப் போயிருக்காது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. மாமாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். உங்கள் தாத்தாவுக்கு நடந்ததில் என் பங்கு இது. அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறேன், நேரிலும் சொல்கிறேன்.

இப்போது ஏரியூர்த் தம்பிக்கு. உன் தாத்தா குறியில்லாமல் பன்றி அடித்த கதையை நானும் கேட்டிருக்கிறேன். அடித்ததைத்தான் சொல்வார்கள், தப்பியதை யார் சொல்கிறார்கள்? நெருப்பூர்ப் பக்கமும் நாகமரைப் பக்கமும் விசாரித்துப் பார். நெற்றியில் விளக்கு, நாட்டுத் துப்பாக்கிக் குழலில் சைக்கிள் டியூபால் கட்டின சிவப்பு லேசர், செடி அசைந்தால் சுடு என்று கிளம்புகிற பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். டியூபில் கட்டின லேசர் ஒவ்வொரு வெடிக்கும் நகரும். அது காட்டுகிற புள்ளி ஒன்று, குண்டு போகிற இடம் வேறு. என் பித்தளை மணிக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் கேட்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. லைசென்ஸ் இருந்தாலும் மிருகத்தைச் சுட அனுமதி தனி, அது 1972 வன உயிரினச் சட்டம். காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்ட பன்றிகளை வனத்துறையே சுடும் என்று 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. அப்போதும் சுடுவது அவர்கள் வேலை, நம் வேலை இல்லை. பயிர் போனால் வயிறு எரியும், எனக்குத் தெரியும், நானும் கடலை போட்டவன்தான். சேதத்தைப் படம் எடுத்து மனு எழுதி ரேஞ்ச் ஆபீசில் இழப்பீடு கேளுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். வீட்டில் பழைய நாட்டுத் துப்பாக்கி ஏதாவது பரணில் கிடந்தால், தானாக ஒப்படைப்பவர்கள் மேல் வழக்கு இல்லை என்று போலீசும் வனத்துறையும் அவ்வப்போது ஊர் ஊராக அறிவிக்கிறார்கள். அப்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கூட வரச் சொன்னால் வருகிறேன்.

டெக்சாஸ் தம்பி, உயரமான முன்குறி வந்ததும் மாட்டு. முதலில் 25 கஜத்தில் மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து மூன்று, பிறகு 50-இல் மூன்று, பிறகு 100-இல் மூன்று. அதுவரை பன்றி உன் மக்காச்சோளத்தைத் தின்றால் தின்னட்டும். சுட்ட தாளைப் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடு. போன தடவை மாதிரி உள்ளங்கையை வைத்து எடுக்காதே, உன் உள்ளங்கை எத்தனை அங்குலம் என்று எனக்கு எப்படித் தெரியும்?